மரக் கப் ஓபன் பேக் ஹெட்போன் வாங்கியாச்சு, இனி வீட்டில் எப்படிப் புழங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். வால்நட் மரக் கப் வைத்த ஓபன் பேக் ஹெட்போன், அதாவது கப்பின் முதுகு திறந்திருக்கும் ஹெட்போன் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். பெட்டியில் 32 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்டிருக்கிறது. இதற்கு முன் நீங்கள் கேட்டதெல்லாம் முதுகு மூடிய குளோஸ்டு பேக்கும் காதுக்குள் செருகும் இயர்போனும்தான். சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு. பாஸ் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நீங்கள் கேட்கும் பாட்டு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கிறது. 100 மணி நேரம் ஓடவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். கடைக்காரர் ஒரு வால்வ் ஆம்பைக் காட்டி, ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கச் சொல்கிறார். போதாததற்கு, மரத்துக்கு எண்ணெய் தடவ வேண்டுமா என்ற சந்தேகம் வேறு.

இதில் மரத்தால் வந்த தொல்லை என்று ஒன்றுகூட இல்லை. முதுகு திறந்திருப்பது, இயர்பேட் காதைச் சுற்றி உட்காரும் விதம், நீங்கள் உட்கார்ந்து கேட்கும் அறை, இந்த மூன்றிலிருந்துதான் எல்லாம் வருகிறது. விளம்பரப் படத்தில் மரம்தான் முன்னால் நிற்கும். அன்றாடப் புழக்கத்தில் அதற்குக் கடைசி வரிசைதான். அதனால் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தள்ளிப் பேசலாம்.

கப்புக்குள் ஒலியை எழுப்பும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். அதன் சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது காதுப் பக்கம் எவ்வளவு ஒலி கிளம்புகிறதோ, அதே அளவு முதுகுப் பக்கமும் கிளம்புகிறது. குளோஸ்டு பேக்கில் அந்தப் பின்பக்க ஒலி கப்பின் சுவரில் மோதித் திரும்பி வரும். அதை அடக்கத்தான் உள்ளே பஞ்சும் ஃபெல்ட்டும் வைக்கிறார்கள். ஓபன் பேக்கில் அது முதுகிலுள்ள ஓட்டை போட்ட மூடி, அதாவது கிரில் வழியாக அறைக்குள் போய்விடுகிறது. திரும்பி வந்து முன்பக்க ஒலியோடு கலந்து குழப்பாததால் குரல் அடைபடாமல் வருகிறது, வாத்தியங்கள் தலையை விட்டுச் சற்று விலகி நிற்பதுபோலத் தோன்றுகிறது. 1968இல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற முதல் ஓபன் ஹெட்போனைக் கொண்டுவந்தது. காதில் மஞ்சள் பஞ்சு வைத்த, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்த பிளாஸ்டிக் ஹெட்போன் அது. மரம் மருந்துக்கும் கிடையாது. உலகம் முழுக்க 1 கோடிக்கு மேல் விற்றது. நீங்கள் இப்போது ரசிக்கும் அந்தக் காற்றோட்டமான ஒலி அந்தப் பிளாஸ்டிக் காலத்திலேயே வந்துவிட்ட ஒன்று.

சரி, பாஸ் எங்கே போனது? டைனமிக் டிரைவர் (சுருள் கம்பியும் காந்தமும் சவ்வை அசைக்கும் வழக்கமான ரகம்) வைத்த ஓபன் பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்லச் சரியத் தொடங்கும். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அது கேட்கும், ஆனால் இயர்போனில் கேட்ட மாதிரி மண்டைக்குள் இடிக்காது. காதுக்குள் செருகும் இயர்போன் காது வழியை அடைத்துக்கொண்டு, உள்ளே சிக்கிய சிறிய காற்றை அழுத்துகிறது. அங்கே பாஸ் எழுப்புவது சுலபம். ஓபன் பேக்கில் அப்படி அழுத்தம் சேர வழியில்லை. இயர்போனில் பெரும்பாலானவற்றில் பாஸை வேண்டுமென்றே தூக்கியும் வைத்திருப்பார்கள். அதில் பழகிய காதுக்கு இது முதலில் சப்பென்றுதான் இருக்கும்.

ஆனால் இருக்கிற பாஸையும் நாமே விரயம் செய்வது உண்டு. நீங்கள் கண்ணாடி போடுபவர் என்றால், இப்போதே ஒரு பாட்டை ஓடவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடியின் காது வழியாகப் போகும் கம்பி, இயர்பேடுக்கும் கன்னப்பொறிக்கும் நடுவே ஒரு இடைவெளியை உண்டாக்குகிறது. அந்தச் சந்து வழியாக முதலில் ஓடிப்போவது பாஸ்தான். சட்டம் மெல்லியதாக இருந்தால் பரவாயில்லை, தடித்த பிளாஸ்டிக் சட்டம் என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நீளமான முடியைக் காதின் மேல் ஒதுக்கிவிட்டு அதற்கு மேல் ஹெட்போனை மாட்டினாலும் இதே கதைதான். முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, கப்பைக் காதுக்குக் கொஞ்சம் கீழாகவும் முன்னாலும் நகர்த்தி, எந்த இடத்தில் பாஸ் நிறைகிறது என்று தேடுங்கள். அரை அங்குலம் நகர்த்தினாலே குரல் முன்னால் வருவதும் பின்னால் போவதும் தெரியும். ஹெட்பேண்டின் உயரத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பலர் வைப்பதில்லை.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஈக்வலைசரைத் தொடத் தயங்காதீர்கள். அதைத் தொடுவது தீட்டு என்பதுபோல ஆடியோ ஆர்வலர்கள் சிலர் பேசுவார்கள். எனக்கு அந்த ஆசாரம் இல்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் நடத்திய கேட்புச் சோதனைகளில், பெரும்பாலானவர்கள் தட்டையான பாஸைவிட சில டெசிபல் தூக்கிய பாஸையே விரும்பினார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலிகள் இருக்கின்றன. 100 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள ஒலியை மொத்தமாகத் தூக்கும் அமைப்பு) வைத்து 3 அல்லது 4 டெசிபல் ஏற்றுங்கள். அதே அளவு மொத்த ஒலியை, அதாவது ப்ரீஆம்பை, இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சத்தமான இடங்களில் ஒலி உடையும். 10 டெசிபல் எல்லாம் ஏற்ற ஆசைப்பட வேண்டாம். சவ்வு தன் எல்லைக்கு மேல் அசைந்து கரகரக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது வெளியே கசியும் சத்தம். இதற்குத் தீர்வு என்று எதுவும் கிடையாது, ஏற்பாடு மட்டும்தான் உண்டு. அந்தத் திறந்த முதுகுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம், அதை அடைத்தால் வாங்கியதே வீண். கசிவதில் பாஸ் இருக்காது. சிம்பலின் சிக் சிக், பாடுபவரின் ஸகரம், தாளத்தின் கூர்மையான நுனி, இவைதான் பக்கத்துத் தலையணைக்குப் போகும். முழுப் பாட்டாகக் கேட்டாலாவது பொறுத்துக்கொள்ளலாம். எலும்பு மட்டும் கேட்டால் யாருக்குமே எரிச்சல்தான் வரும். எவ்வளவு கசிகிறது என்று பார்க்க ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கேட்காதீர்கள். அப்போது காதுப் பக்கமும் திறந்திருப்பதால் நிஜத்தைவிட அதிகமாகக் கேட்கும். நீங்கள் மாட்டிக்கொண்டு வழக்கமான சத்தத்தில் கேளுங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லி, எங்கே கேட்காமல் போகிறது என்று அவரே சொல்லட்டும். சாதாரணமாக, சாத்திய ஒரு கதவு போதும். ஒரே கட்டிலில் என்றால் வாய்ப்பே இல்லை. அதற்கு மலிவான இயர்போன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மீட்டிங்குக்கும் இதை மாட்டாதீர்கள். எதிர்முனையில் பேசுபவரின் குரலை உங்கள் மைக் பிடித்து அவருக்கே திருப்பி அனுப்பும்.

சத்தம் வெளியே போகும் அதே வழியாக வீடும் உள்ளே வரும். இதில் நல்லதும் உண்டு. குக்கர் விசில், காலிங் பெல், குழந்தை கூப்பிடுவது எல்லாம் காதில் விழும். யாரும் தோளைத் தட்டித் திடுக்கிடவைக்க வேண்டியதில்லை. ஆனால் சீலிங் ஃபேன் இருக்கிறதே, அதுதான் நம் ஊரில் ஓபன் பேக்குக்கு முதல் எதிரி. வெளிநாட்டு விமர்சனங்கள் எதிலும் இது இருக்காது. ஐந்தாம் எண்ணில் சுற்றும் ஃபேனின் காற்றுச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும். தம்புராவின் கார்வை அடங்கும் இடம், வீணையில் மீட்டிய ஸ்வரம் கமகத்தோடு தேய்ந்துபோகும் கடைசி நொடி, பாடகர் மூச்சு இழுப்பது, இவையெல்லாம் அதில் மூழ்கிவிடும். எந்த நுணுக்கத்துக்காகப் பல ஆயிரம் கொடுத்து வாங்கினீர்களோ அதுதான் முதலில் தொலையும். உடனே கை வால்யூமுக்குப் போகும்.

அங்கேதான் நிஜமான ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி நேரம், 86இல் 10 மணி நேரம். ஓபன் பேக்கில் ஒலி உறுத்தாது, அடைப்பு உணர்வும் இல்லை. அதனால் எவ்வளவு ஏற்றிவிட்டோம் என்பதே தெரியாமல் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்போம். காலையில் ஃபேனை நிறுத்திய அமைதியில் எந்த அளவு போதுமாக இருக்கிறதோ அதைக் குறித்துவைத்துக்கொண்டு, பிற்பாடு அதற்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபேனுக்கு என்ன செய்யலாம்? சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு ஒரு டேபிள் ஃபேனைக் கால் பக்கமாகத் தள்ளி வைக்கலாம். காற்று முகத்தில் நேராக அடித்தால் கிரில்லில் பட்டுப் புஸ்ஸென்று தனியாக ஒரு சத்தம் வரும், அதனால் காலுக்கு மட்டும் காற்று. சீலிங் ஃபேனையே இரண்டில் வைக்கலாம் என்றால், சில பழைய ஃபேன்கள் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் வேகம் குறைத்ததும் ம்ம்ம் என்று முனக ஆரம்பிக்கும். தம்புராவோடு சுருதி சேராத முனகல். பிஎல்டிசி மோட்டார் ஃபேனில் அந்த முனகல் கிடையாது, காற்றுச் சத்தம் மட்டும்தான். ஏசி இருக்கும் அறை என்றால், முதலிலேயே நன்றாகக் குளிரவைத்துவிட்டு ஃபேன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உட்காரலாம். என்னைக் கேட்டால், விடியற்காலையில் தண்ணி மோட்டாரும் மிக்ஸியும் தொடங்கும் முன்னால் இருக்கும் நேரம்தான் ஓபன் பேக்குக்கென்றே வாய்த்தது. தெருவே அடங்கியிருக்கும், ஃபேனும் தேவைப்படாது.

இனி மரம். வீணையும் மிருதங்கமும் பலா மரம், நாதஸ்வரம் ஆச்சா மரம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் மரம் என்றாலே நாதம் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ஹெட்போன் கம்பெனிகளும் இதமான ஒலி, இயற்கையான ஒலி என்று அதைத் தட்டிக்கொடுக்கின்றன. வீணையில் நடப்பது என்ன? தந்தியின் அதிர்வு அதைத் தாங்கும் குதிரை வழியாக இறங்கி, குடத்தின் மேற்பலகை சேர்ந்து அதிர்ந்தால்தான் அறை நிறையும். மரம் அங்கே வாத்தியத்தின் பாதி. ஹெட்போனில் அதிர வேண்டியது சவ்வு மட்டும். அதைத் தாங்கும் சட்டமும் கப்பும் சேர்ந்து பாடத் தொடங்கினால், பதிவில் இல்லாத ஒரு வாத்தியம் எல்லாப் பாட்டிலும் உட்கார்ந்துகொள்ளும். ஹெட்போனுக்கு நல்ல மரம் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கிற மரம்.

அந்த வேலையை மரம் நன்றாகவே செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய உலோகம் தட்டினால் கணகணக்கும், மெல்லிய பிளாஸ்டிக் பொத்தென்று ஒலிக்கும். ஒழுங்காகக் கடைந்த வால்நட் இரண்டும் செய்யாமல் அதிர்வை உள்ளேயே தின்றுவிடும். ஆனால் ஓபன் பேக்கில் அதற்கு வேலை குறைவு. ருமேனியாவின் பாயா மாரே ஊரிலிருந்து வரும் மெஸே 109 ப்ரோ என்ற ஓபன் பேக் ஹெட்போனைப் பாருங்கள். வால்நட் ஒரு வளையமாக ஓரத்தில் நிற்கிறது, முதுகின் பெரும்பகுதி உலோகக் கிரில். பின்பக்க ஒலிக்கு மோதிக்கொள்ளச் சுவரே அதிகம் இல்லாத இடத்தில், சுவர் என்ன மரம் என்பது எவ்வளவு பேசிவிடும்?

நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கும் கிராடோ ஹெட்போன் கம்பெனி இதில் கொஞ்சம் வேறு ரகம். ஜோசப் கிராடோ 1953இல் தொடங்கிய குடும்ப நிறுவனம். முதலில் கிராமபோன் தட்டுக்கான, ஊசி தாங்கும் கார்ட்ரிட்ஜ்தான் செய்தார்கள், ஹெட்போன் பல பத்தாண்டு கழித்து வந்தது. 1996இல் ஆர்எஸ்1 என்று மஹோகனி மரத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிறகு மேப்பிள் மரம், கோகோபோலோ மரம், ஹெம்ப் செடியின் நார் என்று பல பொருள்களில் செய்துபார்த்தார்கள். புரூக்ளினிலேயே சன்செட் பார்க் பகுதியில் வெட்டப்பட்ட ஒரு மேப்பிள் மரத்திலிருந்துகூட ஒரு தொகுதி செய்தார்கள். அவர்கள் வடிவமைப்பில் டிரைவருக்குப் பின்னால் மரம் ஒரு குட்டைக் குழாய் மாதிரி நீள்கிறது. அங்கே மரத்தின் பங்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே கிராடோவில் இயர்பேடை மட்டும் தட்டையிலிருந்து கிண்ண வடிவத்துக்கு மாற்றினால் வரும் வித்தியாசம், எந்த மர வித்தியாசத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காதுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள தூரம் மாறுகிறதல்லவா.

அப்படியானால் மரத்துக்குக் கொடுத்த காசு தண்டமா? அப்படி நினைக்கவில்லை. தினமும் கையில் எடுக்கும் பொருள் அழகாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. இரண்டு கப்பிலும் ரேகை ஒன்றுபோல இருக்காது, உங்களுடையதைப் போல இன்னொன்று கிடையாது. அந்தச் சந்தோஷத்துக்காகக் கொடுத்தேன் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒலிக்காக என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பராமரிப்பு ரொம்பச் சுலபம், முக்கியமாக எதையும் தடவாமல் இருப்பது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடையில் விற்கும் ஃபர்னிச்சர் பாலிஷ் எதுவும் வேண்டாம். பெரும்பாலான கப்புகளுக்கு மேலே லாக்கர் பூச்சு இருக்கும். எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று தூசியைப் பிடித்துவைக்கும், வழிந்து கிரில் வழியாக டிரைவருக்கும் போகலாம். எண்ணெய்ப் பூச்சு மட்டும் போட்ட மாடல் என்றால் தயாரிப்பாளரே எதைத் தடவலாம் என்று குறிப்பில் சொல்லியிருப்பார். மற்றபடி காய்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும், காய்ந்தால் சுருங்கும். நம் கடற்கரை ஊர்களில் ஈரம் எப்போதும் இருக்கிறது. அது நிலையாக இருக்கும்வரை கெடுதல் இல்லை. சட்சட்டென்று மாறுவதுதான் கெடுதல். அதனால் மதிய வெயில் விழும் ஜன்னல் திட்டில் வைக்காதீர்கள், ஏசியின் காற்று நேராக அடிக்கும் அலமாரித் தலைப்பிலும் வேண்டாம். நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றிலும் மோசம். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம். அது மரத்தைவிட இயர்பேடில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான் உதவும்.

மரம் உங்களோடு இருபது வருஷம் வாழும். இயர்பேட் அப்படி இல்லை. நம் வீட்டில் அதற்கு வரும் முதல் சோதனை தலைக்கு வைத்த எண்ணெய். காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஹெட்போன் மாட்டினால், வெல்வெட் மாதிரித் துணி போட்ட பேட் அதைச் சத்தமில்லாமல் குடித்துவிடும். சில மாதத்தில் காதின் மேல் பக்கம் படும் இடம் கறுத்து, துணியின் குச்சம் படிந்து, சிக்கு வாடை வரும். எண்ணெய்த் தலைக்கு ஹெட்போன் வேண்டாம், அவ்வளவுதான். தோல் மாதிரி இருக்கும் செயற்கைப் பேட் வேறு விதமாகப் போகும். வியர்வையில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து காதோரம் கறுப்புத் துகளாக ஒட்டும். வெறும் பஞ்சுப் பேட், ஈரக் காற்றில் வருஷக்கணக்கில் இருந்தால் பிசுபிசுத்துப் பொடியாகும். அதைக் கழற்றி, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, பிழியாமல் அமுக்கி, நிழலில் முழுக்கக் காயவைத்து மறுபடி மாட்டலாம். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் மாட்டக் கூடாது. பேட் அமுங்கித் தட்டையானதும் காது டிரைவருக்கு நெருக்கமாகப் போய்விடும், ஒலியும் மாறும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பேடைக் கழற்றும் பழக்கம் இன்னொன்றுக்கும் உதவும். ஒரு நாள் ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாஸ் வரும் இடங்களில் மட்டும், ட்ர்ர் என்று ஈ சிக்கியது போலக் கேட்கும். டிரைவர் போய்விட்டது என்று பதறாதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு தலைமுடி, வலைத்துணியைத் தாண்டி உள்ளே போய், சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேடைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளவென்று ஒரு கோடு தெரியும். இடுக்கியால் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வேக்யூம் கிளீனரையோ காற்றடிக்கும் டப்பாவையோ கிட்டே கொண்டுபோகாதீர்கள். சவ்வு முடியைவிட மெல்லியது. உபயோகிக்காதபோது மேலே ஒரு சுத்தமான துண்டைப் போட்டு மூடிவையுங்கள். தூசிக்கு மட்டுமல்ல, எறும்புக்கும் அது தேவை. திறந்த கிரில்லும் இருட்டும் எறும்புக்கு வாடகையில்லா வீடு.

100 மணி நேரக் கதைக்கு வருவோம். சவ்வின் ஓரம் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகலாம். அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த மாற்றம், ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டும்போது வரும் வித்தியாசத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சில வாரத்தில் ஒலி நன்றாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வது பொய்யில்லை. உடல் சூட்டிலும் வியர்வையிலும் பேட் இளகி உங்கள் தாடை வடிவத்துக்கு உட்காருகிறது. ஹெட்பேண்டின் பிடி தளர்கிறது. காது இயர்போனின் பாஸை மறக்கிறது. அலமாரியில் வைத்துப் பாடவிட்டால் பேட் அமுங்காது, உங்கள் தலையில் இருந்தால்தான் அமுங்கும். அதனால் காத்திருக்காமல் மாட்டிக் கேளுங்கள். இன்னொரு விஷயமும் கவனியுங்கள். 100 மணி நேரம், 200 மணி நேரம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் கடையின் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிடும். முதல் வாரத்திலேயே காது நுனி வலிக்கிறது, தாடை நோகிறது என்றால் கெடுவுக்குள் முடிவெடுங்கள். ஒலி பழகும், காது வலி அவ்வளவாகப் பழகாது. கனமும் அப்படித்தான். 109 ப்ரோ 375 கிராம், ஆடெஸே கம்பெனியின் எல்சிடி ஹெட்போன் வரிசையில் சில மாடல்கள் 600 கிராமை ஒட்டி வரும். கடையில் பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்தால் அது தெரியாது. வீட்டில் ஒரு முழுக் கச்சேரி கேட்டால் கழுத்து சொல்லும்.

கச்சேரி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஹெட்போனில் முதலில் கேட்க வேண்டியது சபாவில் மைக் வைத்து நேரடியாகப் பதிவுசெய்த கச்சேரிதான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் வலந்தலை நாதம் ஒரு இடத்திலும், ரவை பூசிய இடந்தலையின் கும்கி இன்னொரு இடத்திலும் பிரிந்து நிற்பது தெரியும். பின்வரிசையில் யாரோ இருமுவது, நாற்காலி கிறீச்சிடுவது, கைதட்டல் கூரையில் பட்டுத் திரும்புவது எல்லாம் சேர்ந்து அந்த மண்டபத்தின் அளவைச் சொல்லிவிடும். மூடிய கப்பில் இந்தக் கைதட்டல் அட்டைப் பெட்டிக்குள் மழை பெய்வது மாதிரி இருக்கும். 80களின் சினிமாப் பாட்டுகளிலும் நல்ல லாபம் உண்டு. வயலின் கூட்டமும் பாஸ் கிட்டாரும் ஒன்றையொன்று மிதிக்காமல் தனித்தனியாக ஓடும். இப்போது வரும் குத்துப் பாட்டுகள் பலவற்றில் எல்லா ஒலியையும் ஒரே உச்சத்துக்கு நசுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றை இந்த ஹெட்போன் அழகாக்கித் தராது. அதற்கு உங்கள் பழைய குளோஸ்டு பேக்கே சரி, அதை விற்றுவிடாதீர்கள்.

கடைசியாக, கடைக்காரர் சொல்லும் ஆம்ப். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். போனில் செருகி ஹெட்போனை மாட்டும் டைப் சி டாங்கிள்களில் பல 1 வோல்ட் வரை கொடுக்கும். 1 வோல்ட்டை 32 ஓமுக்குக் கொடுத்தால் கிடைப்பது சுமார் 31 மில்லிவாட். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்றால் 31 மில்லிவாட்டுக்கு கிட்டத்தட்ட 115 டெசிபல். காது தாங்கும் அளவையெல்லாம் தாண்டிவிட்டது. சத்தம் போதவில்லை என்ற காரணத்துக்காக உங்களுக்கு ஆம்ப் தேவையே இல்லை. 300 ஓம் டிரைவர் வைத்த, அமெரிக்காவில் கையால் செய்யும் இசட்எம்எஃப் மர ஹெட்போன்களுக்கு அதே 1 வோல்ட்டில் 3 மில்லிவாட் சொச்சம்தான் போகும். அங்கே கேள்வி நியாயமானது. உங்களுடையதற்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஹெட்போனைச் செருகும் கருவியின் அவுட்புட் இம்பிடென்ஸ், அதாவது அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும் மின்தடை. அது ஹெட்போனின் 32 ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 4 ஓமுக்குக் கீழே இருந்தால் சரி. நல்ல டாங்கிள்கள் 1 ஓமை ஒட்டியே இருக்கின்றன. கடைக்காரர் காட்டிய அந்த வால்வ் ஆம்ப் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரகம் என்றால், அதன் இம்பிடென்ஸ் பெரும்பாலும் உங்கள் ஹெட்போனுக்குப் பொருந்தாத உயரத்தில் இருக்கும். இருட்டில் அந்த வால்வ் ஆரஞ்சாக ஒளிர்வது பார்க்க அழகுதான், பாஸ் தொளதொளவென்று போகும்.

ஹெட்போனின் முனை 6.3 மில்லிமீட்டர் தடித்த பிளக் என்றால், கட்டியான அடாப்டரை டாங்கிளில் செருகித் தொங்கவிடாதீர்கள். அந்தக் கனத்தில் ஜாக் ஆட்டம் காணும். ஒரு விரல் நீளத்துக்கு ஒயர் வைத்த அடாப்டர் கிடைக்கும், அதை வாங்குங்கள். ஆம்புக்கு ஒதுக்கிய பணத்தில் இதே மாடலின் ஒரிஜினல் பேட் இரண்டு ஜோடியும் வாங்கி வைத்துவிடலாம். மாடலை நிறுத்திவிட்டால் முதலில் கிடைக்காமல் போவது அதுதான். அப்புறமும் பணம் மிச்சம் இருந்தால், அந்த அறைக்குச் சத்தமில்லாத ஒரு ஃபேன்.